அக்காவின் குப்பைக் கோப்பு

கடையில் அக்காவுக்குத் தூசி என்று பெயர். வைத்தவர் முதலாளி. அவர் அதைத் திட்டுவதற்காக வைத்தார். அக்கா பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

பழைய புகைப்படங்களைப் புதுப்பித்துத் தரும் கடை அது. முன்பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், கட்டட வரைபடங்களை ஸ்கேன் செய்யும் கட்டில் நீளத்து இயந்திரம். தடுப்புக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சிற்றறை, அதில் ஒரு கணினி, அதன் முன்னால் அக்கா. பத்தாம் வகுப்பை முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள். பத்தொன்பது வருடங்களில் நாற்காலி மூன்று முறை மாறியிருக்கிறது, கணினி ஐந்து முறை. அக்கா மட்டும் அப்படியே இருந்தாள், கண்ணாடியின் கனம் கூடியதைத் தவிர.

பூஞ்சை பூத்த முகங்கள், நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்த முகங்கள், கரப்பான் தின்றது போக மிச்சமிருக்கும் முகங்கள் எல்லாம் அவளிடம் வரும். அவள் மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள், அவிழ்ந்த பொத்தானை மாட்டிவிடுவாள், ஓரத்தில் தலைகாட்டும் யாரோ ஒருவரின் முழங்கையைச் சத்தமில்லாமல் துண்டிப்பாள். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பும் படத்தை அவள் நான்கு மடங்கு பெரிதாக்கி, மூக்கு கணினியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, புள்ளி புள்ளியாகப் பொறுக்குவாள். வாடிக்கையாளர் வெளியே கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார். இன்னும் ஒரே ஒரு தூசி இருக்கிறது என்று உள்ளேயிருந்து குரல் வரும். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் ஒருமுறை சறுக்கினாள். ஒரு பெண்மணி தன் அம்மாவின் படத்தைக் கொடுத்திருந்தார். கன்னத்தில் பெரிய கரும்புள்ளி. பூஞ்சை என்று நினைத்து அக்கா அதை அழகாக எடுத்துவிட்டாள். படத்தை வாங்கிப் பார்த்த பெண்மணி, இது யார் என்று கேட்டார். அது பூஞ்சை இல்லை, மச்சம். அசல் படமும் அந்த வாரம் தொலைந்து போயிருந்தது. அந்தம்மா கடையில் நின்று அழுத அழுகையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அக்கா எதையும் வெறுமனே அழிப்பதில்லை. எடுக்கிற ஒவ்வொரு புள்ளியையும் கீறலையும் வெட்டி, வேறொரு வெற்றுத் தாளில் அது இருந்த அதே இடத்தில் ஒட்டி, எண் போட்டு, குப்பை என்று பெயரிட்ட கோப்பில் ஒரு வருடம் வைத்திருப்பாள். யாரும் இதுவரை வந்து தங்கள் குப்பையைத் திருப்பிக் கேட்டதில்லை. குப்பையைப் பூட்டி வைக்கிற ஒரே ஆள் நீதான் என்று முதலாளி சொல்லுவார். அதையும் அவள் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவும் தங்கையும். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் பதினாறு வருட இடைவெளி. தங்கையைப் பள்ளியில் சேர்த்தது, சடை பின்னியது, பேன் பார்த்தது, நோட்டுக்கு அட்டை போட்டது எல்லாம் அக்காதான். அந்தத் தங்கை பள்ளியை முடித்ததும், கல்லூரியில் கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு அது என்ன படிப்பு என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராததால், நல்ல படிப்புதாம்மா என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகவே அவளும் படிக்க வேண்டியதாயிற்று.

முதல் பருவத்தில் ஆதிமனிதர்களின் ஓவியம். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடுகிற சாக்கில் அக்கா முழுப் புத்தகத்தையும் படித்தாள். அட்டை போட ஆறு நாள் ஆனது. ஆறாவது நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: அந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை சுத்தம் போதாது. ஒரு மிருகத்தின் மேலேயே இன்னொரு மிருகத்தை வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் பாறை காலியாகக் கிடக்கிறது. கையைப் பாறையில் வைத்து வாயால் சாயத்தை ஊதி அச்செடுத்திருக்கிறார்கள், சிலவற்றில் விரல்களைக் காணோம். லேமினேஷன் இயந்திரத்தில் கையைக் கொடுத்திருப்பார்கள், வேலைக்குப் புதியவர்கள் போல என்று தங்கையிடம் சொன்னாள். தங்கை சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள்.

புத்தகம் எழுதியவர் மேலும் அக்காவுக்கு மரியாதை வரவில்லை. இது வேட்டைக்கான சடங்காக இருக்கலாம், விளையாட்டாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கலாம். ஒரே அத்தியாயத்தில் அறுபத்து நான்கு முறை அந்தச் சொல் வருவதை அக்கா பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். இத்தனை இருக்கலாம் போட்டு பில் எழுதினால் கடையில் ஒரு நாள் ஓட்ட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அவளுக்கு என்னடி தெரியும், அவளும் எழுதிப் பிழைக்கணுமே என்றாள் அம்மா. எழுதியவர் ஒரு ஆண் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே கதையே வேறு. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் காகிதத்தை நீட்டுவதற்குள், எங்க வீட்டில ஒருத்தி குகையெல்லாம் படிக்கிறா என்று அக்கா ஆரம்பித்துவிடுவாள். முப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின படமெல்லாம் அவளுக்கு அத்துப்படி என்பாள். தங்கை அப்போது கல்லூரியில் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. பேருந்து எண்கூட அத்துப்படி ஆகவில்லை.

பருவம் முடிகிற சமயத்தில் மாணவர்களை மூன்று நாள் ஒரு மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே குடை போல வெளியே நீட்டிய ஒரு பாறை, அதன் அடியில் பழைய ஓவியங்கள். சில சிவப்புச் சாயத்தில் தீட்டியவை, சில கல்லால் கொத்தியவை. ஆளுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பாறையில் படாமல் ஒரு கண்ணாடித் தாளைக் குச்சிகளில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் அதன்மேல் பேனாவால் படியெடுக்கச் சொன்னார்கள். கொத்திய குழிகள் நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் விழும். புகைப்படத்தில் பாதி விழாது. அதனால் கையால் எடுக்கும் படிதான் அங்கே ஆதாரம். அதை ஒழுங்காகக் கொடுத்தால்தான் அடுத்த வருடத்துக்குப் போக முடியும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்த இடத்தை மூடிவிடுவார்கள், மறுபடி திறக்க எட்டு மாதம் ஆகும்.

தங்கைக்குக் கண் கூர்மை, கைதான் ஓட்டை. நான்கு நிறப் பேனா கொடுத்தனுப்பியிருந்தார்கள்: சாயத்துக்கு ஒன்று, குழிக்கு ஒன்று, பாறை வெடிப்புக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. முதல் நாளே மூன்றைத் தொலைத்தாள். எல்லாவற்றையும் ஒரே கறுப்பில் வரைந்துவிட்டு, எது எது என்று வீட்டுக்கு வந்து குறித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். வந்தது குறிப்பதற்கு அல்ல, நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு. ஞாயிற்றுக்கிழமை காலை போர்வைக்குள்ளிருந்து, திங்கள் மத்தியானத்துக்குள் ஸ்கேன் பண்ணிப் பிரிண்ட் எடுத்து, தாளோட சேர்த்து டிபார்ட்மென்ட்ல குடுக்கணும் அக்கா என்று முனகினாள். பக்கத்தில் சேறும் கைரேகையுமாக மூன்று கண்ணாடித் தாள்கள் சுருண்டு கிடந்தன.

ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுப்பது அரை மணி நேர வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் அவள் தூசி இல்லை.

கடைக்கு ஞாயிறு விடுமுறை. சாவி அவளிடம்தான் இருந்தது. ஸ்கேன் ஆகித் திரையில் விழுந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குப் பகீரென்றது. முதல் தாளில் ஒரு எருது. நல்ல எருது, முதுகு வளைவெல்லாம் பிரமாதம். ஆனால் அதற்கு எட்டுக் கால். சுற்றிலும் புள்ளிகள், குறுக்கே கோணல் கோடுகள், வயிற்றுக்குள் பாதி மானா பாதி ஆடா என்று தெரியாத இன்னொன்று. பாவம், காய்ச்சலோடு போட்டிருக்கிறாள், கை உதறியிருக்கிறது என்று அவள் மனம் உருகியது. இப்படியே கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? என் தங்கையைப் பற்றி?

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாள். எருதின் பின்னங்கால்களில் நேராக இருந்த இரண்டை வைத்துக்கொண்டாள், முன்னங்காலிலும் அப்படியே. மற்ற நான்கையும் எடுத்தாள். வயிற்றுக்குள் இருந்த பிராணியை வெளியேற்றினாள். புள்ளிகளைப் பொறுக்கினாள். ஒரு நீளக் கோடு எருதின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போனது, அதைப் பிரிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று தாள்களும் முடிந்தபோது மாலை நான்கு மணி. பழக்கம் விடுமா, எடுத்ததையெல்லாம் வழக்கம்போல் வெட்டி ஒட்டி எண் போட்டிருந்தாள். நானூற்றுப் பதின்மூன்று. பெரிய ஸ்கேன் இடத்தை அடைக்கும், வேலை முடிந்த கையோடு அழித்துவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். யாரும் பார்க்காத ஞாயிற்றுக்கிழமையிலும் அக்கா சட்டத்தை மீறவில்லை. மூல ஸ்கேனை அழித்தாள்.

கண்ணாடித் தாள்கள் பாக்கி. மூலையில் கல்லூரியின் முத்திரை இருந்தது. இரவல் பாத்திரத்தை யாராவது அழுக்கோடு திருப்பிக் கொடுப்பார்களா? பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தாள். சேறு போயிற்று, கைரேகை போயிற்று, பேனா மையும் போயிற்று. மூன்று தாளும் இப்போதுதான் கடையிலிருந்து வந்தது போல் பளபளத்தன. திங்கட்கிழமை காலை அவளே எடுத்துப் போய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட குமாஸ்தா, இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் யாருமே குடுத்ததில்லம்மா என்றார். அன்று முழுக்க அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதன்கிழமை தங்கை காய்ச்சல் விட்டுக் கல்லூரிக்குப் போனாள். மத்தியானமே திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அக்கா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எப்படி, மேடம் என்ன சொன்னாங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என் படத்துல என்னக்கா பண்ணின?"

"சுத்தம் பண்ணினேன். ஏன், எங்கயாவது விட்டுப் போச்சா?"

"அந்த எருதுக்கு எட்டுக் கால்."

"எருதுக்கு எப்படிடி எட்டுக் கால் இருக்கும்? நாலுதானே?"

"ஓடுதுக்கா அது. ஓடறதைக் காட்ட எட்டுக் கால் போட்டிருக்காங்க. இல்ல, போட்டிருக்கலாம்." தங்கை புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அந்தப் புள்ளியெல்லாம் நான் படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு ஒண்ணொண்ணா எடுத்தது. மூணு நாள்."

மீதியையும் அவள் சொன்னாள். துறைத் தலைவியான மேடம் அந்தப் பாறையை முன்பே நேரில் பார்த்தவர். அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டு வகுப்பு முன்னால் கேட்டிருக்கிறார்: இருப்பதை வரைந்தாயா, இருக்க வேண்டியதை வரைந்தாயா? கண்ணாடித் தாள் எங்கே என்று தேடினால் மூன்று வெற்றுத் தாள்கள். ஆதாரத்தை மாற்றி எழுதுவது அந்தப் படிப்பில் மன்னிக்க முடியாத குற்றம். படி எடுக்கவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று ஆகிவிட்டது. மறுபடி போய் எடுக்கலாம் என்றால் மழைக்காக அந்த இடத்தையும் மூடிவிட்டார்கள். சனிக்கிழமை குழு கூடி, இவளை வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யும்.

எங்க அக்காதான் பண்ணினா என்று சொல்ல வேண்டியதுதானே என்றாள் அக்கா.

"சொல்லல."

"ஏண்டி?"

"எங்க அக்கா அழிச்சிட்டான்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா?"

ஊர் முழுக்கத் தங்கையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவள் அக்கா. தங்கையோ அக்காவின் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள், சின்ன வயசுல இவளோட பால்பல்லைக்கூட நீதான் ஆட்டி ஆட்டிப் பிடுங்கின, விழற பல்லு தானா விழும்னு சொன்னா கேட்டியா என்று. சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லை அவளுக்கு. ஆனால் பிடுங்கிய பல் எங்கே போனது என்று அக்காவுக்குத் தெரியும். மருந்து டப்பியில், பஞ்சில் சுற்றி, தேதி போட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்த டப்பி ஞாபகம் வந்ததும் அவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள்.

"குப்பை இருக்குடி."

"என்ன குப்பை?"

"எடுத்தது எல்லாம் இருக்கு. எண் போட்டு வெச்சிருக்கேன். வா."

தங்கைக்கு நம்பிக்கை இல்லை. கடைக்கு வந்து, கோப்பு திறந்து, நானூற்றுப் பதின்மூன்று துண்டுகளும் வெள்ளைத் தாளில் அதனதன் இடத்தில் கிடப்பதைப் பார்த்ததும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மெல்லத் திரையைத் தொட்டு, இது பின்னங்கால் என்றாள். முதலாளி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, குப்பைக்கு வாடிக்கையாளர் வந்தாச்சா என்று கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்ததும் சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டார். அச்செடுத்த தாளுக்கு அன்று பில் போடவில்லை.

மறுநாள் அக்காவும் கூடவே கல்லூரிக்குப் போனாள். வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். மேடம் சின்ன உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, அதட்டாத குரல். அதட்டினால் தேவலை என்றிருந்தது. மனப்பாடம் செய்த அத்தனையும் மறந்துபோய், தப்பு என் மேலதான் மேடம், இவ படுத்துக்கிடந்தா என்று மட்டும் வந்தது. பிறகு குப்பைத் தாளை எடுத்து நீட்டினாள்.

மேடம் அக்கா சுத்தம் செய்து அச்சிட்டிருந்த தாளைக் கண்ணாடி ஜன்னலில் வைத்து, அதன்மேல் குப்பைத் தாளைப் பொருத்தினார். வெயில் பின்னாலிருந்து விழுந்தது. எருதுக்குக் கால்கள் திரும்ப முளைத்தன. வயிற்றுக்குள் அந்தப் பிராணி வந்து உட்கார்ந்துகொண்டது. மேடம் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு புள்ளியைக் காட்டி அக்காவிடம் கேட்டார்.

"இதை ஏன் எடுத்தீங்க?"

"அழுக்கு மேடம்."

"அழுக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"பாத்தாலே தெரியும் மேடம். பத்தொம்பது வருஷமா இதான் வேலை."

"நான் முப்பது வருஷமாப் பாக்கறேன். எனக்குத் தெரியலையே."

கேலியாகச் சொன்னது போல் இல்லை. நிஜமாகவே கேட்டது போல் இருந்தது, அதுதான் சங்கடம். அக்கா அந்தப் புள்ளியை மறுபடி உற்றுப் பார்த்தாள். அழுக்கு என்றால் என்ன? இருக்கக்கூடாத இடத்தில் இருப்பது. இருக்கக்கூடாது என்று சொன்னது யார்? அவள்தான். இதுவரை எத்தனை ஆயிரம் முகங்களில் அவளாக முடிவு செய்து எத்தனை புள்ளிகளை எடுத்திருப்பாள்? அதற்கும் ஒரு மனக்கணக்கு போட ஆரம்பித்தாள். அது நானூற்றுப் பதின்மூன்றோடு நிற்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

மேடம் தங்கையிடம் திரும்பினார். சனிக்கிழமை குழு கூடுவதற்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் அது என்ன என்று எழுதி வர வேண்டும்: சாயமா, குழியா, வெடிப்பா, பேனாக் கறையா. பாறையைத் தான் பார்த்திருப்பதாகவும், இட்டுக்கட்டினால் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். வாசல் வரை போனவர்களைக் கூப்பிட்டு ஒன்று சேர்த்துக்கொண்டார்: "அக்கா பக்கத்துல இருக்கலாம். பேனா அவங்க கையில இருக்கக்கூடாது."

அதற்கடுத்த ஒன்றரை நாளும் கடையில் அக்காவுக்கு விடுப்பு. சமையலறை மேசையில் தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தங்கை பாறைக்கு முன்னால் போய் நிற்பாள். அக்கா எண்ணைப் படிப்பாள். நாற்பத்தொன்று. குழி, விளிம்பு மழுங்கினது. நாற்பத்திரண்டு. குழி. நாற்பத்து மூன்று. தங்கை இமைக்குள்ளேயே கண்ணை உருட்டித் தேடி, வெடிப்பு, அதைத்தான் எருதோட முதுகா வெச்சுக்கிட்டாங்க, பாறை குடுத்த கோட்டை வாங்கிக்கிட்டாங்க என்பாள். கழுத்து பிடிக்கப் பிடிக்கத் தான் பிரித்தெடுத்த கோடு அதுதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. நாற்பத்து நான்கு என்றாள்.

சுத்தமில்லாதவள், பேனா தொலைப்பவள், ஒற்றைச் செருப்போடு பள்ளிக்குப் போனவள் என்றுதான் தங்கையை இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவள் மூன்று நாளில் அந்தப் பாறையை இப்படிக் கண்ணுக்குள் ஏற்றிக்கொண்டு வந்திருப்பாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. தன் பெருமை எல்லாம் இதுவரை தப்பான காரணத்துக்காக அடித்துக்கொண்டது என்று அப்போதுதான் உறைத்தது.

சில இடங்களில் தங்கை தடுமாறினாள். இருநூற்று எட்டு என்றபோது நெடுநேரம் யோசித்து, ஞாபகம் இல்லக்கா என்றாள். குழின்னு போட்டுடு, பக்கத்துல எல்லாம் குழிதானே, வரிசையா அழகா இருக்கு என்று அக்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தங்கை அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். அந்த எண்ணுக்கு எதிரில் தெரியவில்லை என்று எழுதினாள் தங்கை. கடைசியில் அப்படி முப்பத்தேழு தெரியவில்லை சேர்ந்தது. முப்பத்தேழு இடத்தில் தெரியாது என்று சொல்லிக்கொண்டு போகிறவளை யார் தேர்ச்சி போடுவார்கள்?

எண்பத்தாறாவது மட்டும் அக்காவே சொன்னாள். அது டீக் கறை. நிச்சயமாக டீ. சனிக்கிழமை காலை தங்கை புறப்பட்டபோது, அதை மட்டும் நான் சத்தியம் பண்ணுவேன்னு சொல்லு என்று வாசல் வரை வந்தாள்.

குழு ஒரு மணி நேரம் உட்கார்ந்தது. அக்கா வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த புள்ளிகளை எண்ணாமல் இருக்கப் படாத பாடு பட்டாள். எழுபத்தொன்பது இருந்தன. தங்கை வெளியே வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகம். மேடம் பட்டியலை வரிசையாகப் பார்க்கவில்லையாம். தெரியவில்லை என்று எழுதிய இடங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாராம். இட்டுக்கட்டுகிறவர்கள் முப்பத்தேழு தடவை தெரியாது என்று எழுத மாட்டார்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். தேர்ச்சி. பிரமாதமான மதிப்பெண் எல்லாம் இல்லை. பேனா தொலைத்ததற்கும் விளக்கம் எழுதாததற்கும் வெட்டு விழுந்திருந்தது. அடுத்த வருடத்துக்குப் போகலாம்.

ஒரு வாரம் கழித்து, துறையில் கோப்பில் சேர்த்த பதிவுத் தாளின் நகல் ஒன்றைத் தங்கை கொண்டுவந்தாள். ஆதாரத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதைப் பதிவில் எழுதியாக வேண்டும் என்பது மேடத்தின் விதி. அடியில் மூன்று வரி தட்டச்சு செய்திருந்தது. பாறையில் வரைந்தவர்: தெரியவில்லை. படியெடுத்தவர்: தங்கையின் பெயர், முதலெழுத்தோடு. அழித்தவர்: அக்காவின் பெயர், முதலெழுத்தோடு.

அச்சில் அக்கா தன் பெயரைப் பார்ப்பது ரேஷன் அட்டைக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அதை நான்கு முறை படித்தாள். முப்பதாயிரமோ மூவாயிரமோ, எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் வரைந்தவனுக்கு அப்புறம் இரண்டே இரண்டு பேர்தான், அதில் தானும் ஒருத்தி என்பதை அவள் மனம் எப்படியோ கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டது. கடைக்குக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, இதுல பெருமைப்பட என்ன இருக்கு தூசி, அழித்தவர்னு இல்ல போட்டிருக்கு என்றார். பேரு எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்க பாத்தீங்களா என்றாள் அக்கா.

அன்றிலிருந்து கடையில் அவள் தொல்லை இரண்டு மடங்கானது. முன்பு கேட்காமல் எடுத்தாள். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் வாடிக்கையாளரை உள்ளே கூப்பிட்டு, இது கறையா, இல்ல அவங்களோடதா என்று கேட்டாள். தாத்தாவின் நெற்றிக் கீறல் பிறவியிலேயே உண்டா, படம் மடிந்ததால் வந்ததா என்று தெரியாமல் ஒரு குடும்பமே கடைக்குள் நின்று சண்டை போட்டது. முதலாளி தலையிலிருந்து கையை எடுப்பதே இல்லை.

பதிவுத் தாளின் நகலை அக்கா தன் கையாலேயே லேமினேட் செய்தாள். தூசி தட்டி, துணியால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தில் விட்டாள். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, ஒரு முடி. இனி கிழித்தால்தான் எடுக்க முடியும். வீட்டுக்கு வந்து தங்கையிடம் நீட்டினாள்.

"உன் முடியா அக்கா, என் முடியா?"

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், நீளம், சுருள், நிறம் எல்லாம் பார்த்தாள். அம்மா முடியாகவும் இருக்கலாம். முதலாளி முடியாக இருக்க வழியில்லை, அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

"நானூத்திப் பதினாலு," என்றாள். "தெரியவில்லைன்னு எழுதிக்கோ."